விமான கும்பாபிஷேகம்

பிப்ரவரி ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி நாற்பது நிமிடம். எதிர்வீட்டு அத்தை ஒரு நீளமான அட்டைப்பெட்டியைத் தலைமேல் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் வந்தார். நேரம் இவ்வளவு துல்லியமாக நினைவிருக்கக் காரணம், மறுநாள் எனக்கு இலக்கணத் தேர்வு. ஒவ்வோர் இயலுக்கும் இத்தனை நிமிடம் என்று எழுதிவைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். புணரியல் பத்தே முக்காலுக்கு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

"தமிழு படிக்கிற பொண்ணு நீ. இதுல இங்கிலீசுல இன்னாவோ போட்டுக்கிறான். படிச்சுச் சொல்லுமா."

தமிழ் படிப்பவளிடம் ஆங்கிலத்தைக் கொண்டுவருவதில் அவருக்கு எந்த முரண்பாடும் தெரியவில்லை. படிப்பு என்பது அவரைப் பொறுத்தவரை ஒரே துணி. வேண்டிய அளவுக்கு ஆல்டர் செய்துகொள்ளலாம்.

பெட்டியின் மேல் அட்டையில் இரட்டை எஞ்சின் விமானம் ஒன்று மேகங்களுக்கு நடுவே பறந்துகொண்டிருந்தது. உள்ளே அது நூற்றுச் சொச்சம் துண்டுகளாகக் கிடந்தது. மெல்லிய மரப்பட்டைகள், இரண்டு மோட்டார்கள், இரண்டு காற்றாடிகள், ஒரு ரிமோட், மேலே போர்த்துவதற்கு வெள்ளை நிறத்தில் ஒரு சுருள் பிளாஸ்டிக் தாள், நாற்பது பக்கத்தில் ஒரு கையேடு. அத்தை தம் நாத்தனார் கணவரிடம் சிங்கப்பூரிலிருந்து தையல் மெஷினுக்கு இரண்டு மோட்டார் வாங்கி வரச் சொல்லியிருந்தார். அவர் கடையில் என்ன கேட்டாரோ, கடைக்காரருக்கு என்ன விளங்கியதோ, இதை வாங்கி வந்துவிட்டார். "மோட்டாரு ரெண்டு கேட்ட இல்ல? ரெண்டும் உள்ள இருக்குது பாரு" என்று வாதாடவும் செய்தார். வேறு யாராக இருந்தாலும் மோட்டார்களைப் பிடுங்கித் தையல் மெஷினில் பொருத்தியிருப்பார்கள், அல்லது பெட்டியைப் பரணில் போட்டிருப்பார்கள். அத்தை முகர்ந்து பார்த்தார்; மரம் இலேசாக இருக்கிறது என்றார்; பிறகு அந்தப் பெட்டியின் தலையெழுத்து மாறிவிட்டது.

அவர் எனக்கு உறவல்லர். தெருவில் எல்லாருக்கும் அத்தைதான். அவரைவிடப் பதினைந்து வயது மூத்தவரான கோவில் கமிட்டித் தலைவரே ஒருமுறை கோபத்தில் "இன்னா அத்தை இது" என்று கத்திவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். வீட்டின் முன்னறைதான் கடை. வாசலில் தகரப் பலகை: 'இங்கு ஜாக்கெட் தைத்துத் தரப்படும். ஆல்டர் செய்யப்படும்.' இரண்டாவது வாக்கியம் முதலாவதைவிடப் பெரிய எழுத்தில் இருக்கும். தைப்பது பிழைப்பு, ஆல்டர் செய்வது சுபாவம்.

வந்ததை வந்தபடி வைத்துக்கொள்ள அவரால் முடியாது. குக்கரின் கைப்பிடியைக் கழற்றி இஸ்திரிப் பெட்டியில் வைத்தார். இஸ்திரிப் பெட்டியின் கைப்பிடி எங்கே போயிற்று என்று கேட்டால் ஸ்கூட்டரைக் காட்டுவார். கணவருடைய சட்டைப் பைகளை எல்லாம் வயிற்றுப் பக்கம் இறக்கித் தைத்திருந்தார், குனியும்போது செல்போன் விழுகிறதாம். அந்த மனிதர், நாங்கள் மாமா என்று அழைப்பவர், கங்காரு போல ஊர் முழுக்க நடந்தார், ஒருநாளும் முறையிட்டதில்லை. எதையாவது அதைச் செய்தவர்கள் சொன்னபடி பயன்படுத்தலாமே என்று யாராவது சொன்னால் அத்தையிடம் ஒரே பதில்தான்.

"கம்பெனிக்காரனுக்கு நம்ம ஊரு தெரியுமா?"

இன்னொரு வழக்கமும் உண்டு. எந்த ரவிக்கை தைத்தாலும் உள்ளே தையலுக்கு அப்பால் ஓர் இஞ்சு துணி விட்டுத்தான் தைப்பார். "உள்ள ஒரு இஞ்சு வுட்டுக்கிறேன். பின்னாடி பிரிச்சுக்கலாம்" என்று சொல்லித்தான் கையில் கொடுப்பார். எதுவும் முடிந்துவிட்டது என்பதை அவர் ஒப்புக்கொண்டதில்லை.

அம்மனையும் விட்டுவைக்கவில்லை. எங்கள் தெருக் கோவில் அம்மனுக்குப் பாவாடை தைத்துத் தருவது அவர்தான். குருக்கள் முடிச்சுப் போடச் சிரமப்படுகிறார் என்று ஒரு வருடம் நாடாவை எடுத்துவிட்டு, பிள்ளைகளின் ஷூவில் இருக்குமே, ஒட்டிப் பிரிக்கிற பட்டை, அதை வைத்துத் தைத்துவிட்டார். அன்றிலிருந்து திரை போட்ட கருவறைக்குள் சர்ரென்று ஒரு சத்தம் கேட்கும்போதெல்லாம் அம்மனுக்கு உடை மாற்றுகிறார்கள் என்று தெருவுக்கே தெரிந்துவிடும். தலைவர் ஆட்சேபித்தார். குருக்கள் ஆட்சேபிக்கவில்லை. அம்மன் கருத்து எதுவும் சொல்லவில்லை.

அந்தக் கோவிலுக்குத்தான் சித்திரையில் கும்பாபிஷேகம் வைத்திருந்தார்கள். அடுத்த தெருக் கோவிலில் போன வருடம் கலசத்தின் மேல் ட்ரோன் விட்டுப் பூத்தூவினார்கள். அதிலிருந்து எங்கள் தெருவுக்கு மனநிம்மதி இல்லை. இந்த நிலையில் அழைப்பிதழின் மாதிரியைத் தலைவர் என்னிடம் பிழைபார்க்க அனுப்பினார். நான் படித்துக்கொண்டிருந்தபோது அத்தை தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, ஒரு வரியில் விரலை வைத்தார்.

'காலை 9.30 மணிக்கு விமான கும்பாபிஷேகம்.'

"பாத்தியா? பத்திரிகையிலயே போட்டுட்டானுங்கோ."

கருவறைக்கு மேலே எழும்பும் கோபுரத்துக்கு விமானம் என்று பெயர், அதன் உச்சிக் கலசத்துக்கு நீர் வார்ப்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று விளக்கினேன். முழுவதும் கேட்டுக்கொண்டார். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு தலைவரைப் பார்க்கப் போனார். நானும் கையேட்டோடு பின்னால் போனேன்.

தலைவருக்கு அரிசிக் கடை. ட்ரோனைவிட விமானம் பெரியது என்பது அவருக்கு உடனே பிடித்துவிட்டது. சங்கடம், அத்தை கேட்ட ஒன்றில் வந்தது. கும்பாபிஷேகம் முடிந்தபின் கோவில் சுவரில் பதிக்கும் கறுப்புக் கல்லில் உபயம் செய்தவர்கள் பெயரையெல்லாம் வெட்டுவார்கள். அதில் 'மலர் தூவல்' என்று போட்டுத் தம் பெயர் வர வேண்டும் என்றார்.

"போட்டுடலாம். உங்க வூட்டுக்காரர் பேரைப் போட்டு, குடும்பத்தினர்னு போட்டுடலாம்."

"ஏன், பிளேனை அவரா ஓட்டப் போறாரு?"

"எல்லாம் அப்படித்தாம்மா போட்டுக்கிது."

"அதான் தலைவரே ஆல்டர் பண்ணணும்ன்றேன். அம்மனுக்கு இருவது வருசமா பாவாட தெக்கிறேன். அளவு எடுத்தது நானு. அந்தக் கல்லுல ஒரு பொம்பள பேரு இருக்குதா பாரு. அம்மன் பேரைத் தவுர."

தலைவர் யோசித்தார். அரிசியை உள்ளங்கையில் உருட்டிப் பார்ப்பவர்போல வார்த்தைகளை உருட்டினார். "கலசத்து மேல பூ வுழட்டும். வுழுந்தா உன் பேரு. வுழலைன்னா பேச்சே இல்ல."

"வுழும்" என்றார் அத்தை.

வேலை எட்டு வாரம் நடந்தது. நான் கையேட்டை வாசித்துத் தமிழில் சொல்வேன். அத்தை கேட்டுக்கொண்டே வேறொன்றைச் செய்வார். 'ஈர்ப்பு மையம் இறக்கையின் முன்விளிம்பிலிருந்து எழுபது மில்லிமீட்டரில் அமைய வேண்டும்' என்று சொன்னேன். "கனம் எங்க நிக்குதுன்னு சொல்லுமா, இஞ்சுல சொல்லு" என்றார். இரண்டே முக்கால் என்றேன். தையல் டேப்பால் அளந்து இறக்கைக்கு அடியில் சாக்பீஸ் கோடு போட்டு, இரண்டு விரல்நுனிகளில் விமானத்தை நிறுத்திப் பார்த்தார். வால் தாழ்ந்தது. மூக்குக்குள் தையல் மெஷினின் பாபின்களை ஒவ்வொன்றாகப் போட்டார். ஐந்தாவது பாபினில் விமானம் தராசு முள்போல நேராக நின்றது. அந்த ஒரு கணம் மட்டும் அவர் எதையும் மாற்ற நினைக்கவில்லை என்று நினைக்கிறேன்.

சக்கரங்களைப் பறக்கும்போது மடக்கி உள்ளிழுக்க ஒரு சிறிய மோட்டார் கொடுத்திருந்தார்கள். சக்கரமே வேண்டாம் என்று பிடுங்கி எறிந்துவிட்டு, வயிற்றில் ஒரு டிபன் டப்பாவைப் பதித்து, அதன் மூடியைத் திறக்க அந்த மோட்டாரை வைத்தார். பூ அதில். ரிமோட்டோடு தொடர்பு அறுந்தால் எஞ்சின்கள் தாமாக நின்றுவிடும்படி அமைக்க வேண்டும் என்று கையேடு தடித்த எழுத்தில் எச்சரித்தது. அத்தைக்கு அது அபத்தமாகப் பட்டது.

"நின்னா வுழுந்துடுமே! பேச்சு நின்னுபோச்சுன்னு சோறாக்காம இருப்பமா? அது பாட்டுக்குச் சுத்திக்கினு இருக்கட்டும். மூடி தொறந்து பூவையாவது கொட்டட்டும்."

அப்படியே அமைத்தார்.

சோதனை ஓட்டம் பாலாற்று மணலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். கலசத்துக்குப் பதிலாக மாமா தலையில் பித்தளைக் குடத்துடன் நின்றார். நிற்கும் நேரத்தில் செய்தித்தாளும் படித்தார். கையால் வீசிவிடும் பொறுப்பு என்னுடையது. ஓடிச்சென்று வீசினேன். இரண்டு எஞ்சின்களும் ஒரே சுருதியில் இரைந்தன. வெள்ளை விமானம் உயர்ந்து, திரும்பி, மாமாவுக்கு நேர் மேலே வந்து வயிற்றைத் திறந்தது. ரோஜா இதழ்கள் அவர்மேலும் செய்தித்தாளின் மேலும் விழுந்தன. அத்தை குடத்துக்குள் கைவிட்டு எண்ணினார்.

"மூணு இதழு உள்ள வுழுந்துக்குது!"

"எனக்குக் கும்பாபிஷேகம் ஆயிடுச்சு" என்றார் மாமா. "வூட்டுக்குப் போலாமா?"

அத்தோடு நின்றிருந்தால் இதை எழுத வேண்டியிருந்திருக்காது. கும்பாபிஷேகத்துக்கு நான்கு நாட்கள் இருக்கும்போது தலைவர் கடைக்கு வந்து விமானத்தைச் சுற்றிச்சுற்றிப் பார்த்தார். "இன்னாமா, நல்ல காரியத்துக்கு வெள்ளையா போத்தி வெச்சுக்கிற? எழவு வூட்டுக்கா போவுது?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலையே அத்தை பிளாஸ்டிக் தாளை உரித்துவிட்டார். தைக்க வந்த பட்டுப்புடவைகளில் வெட்டிப்போட்ட துண்டுகள் அவரிடம் ஒரு மூட்டை இருந்தன. அரக்கு நிறத் துண்டு ஒன்றும் மயில்கழுத்து நிறத் துண்டு ஒன்றும் எடுத்தார். அரக்கில் சாண் அகலச் சரிகைக் கரை. அது இடது இறக்கைக்கு. மற்றதில் இரண்டு விரல் கரை; அது வலதுக்கு. கஞ்சி தோய்த்து இழுத்துப் போர்த்தினார். உள்ளே மடிப்பில் ஓர் இஞ்சு விட்டார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. எடை போட்டேன். இடது இறக்கை நாற்பது கிராம் கூடியிருந்தது. "ரிமோட்டுல கொஞ்சம் வலது பக்கமே புடிச்சுக்கினா சரியாப்பூடும்" என்றார். சரிகையைக் குறைக்க அவர் சம்மதிக்கவில்லை. கரை இல்லாத பட்டைச் சாமிக்கு எப்படிக் காட்டுவதாம்?

அப்போது நான் கையேட்டின் முப்பத்தோராம் பக்கத்தை வாசித்தேன். ரிமோட்டின் அலைகளை வாங்கும் கம்பி மீசைபோல இரண்டு இழைகளாக இறக்கைக்குள் ஓடியது. 'இக்கம்பியின் அருகில் உலோகம் எதுவும் இருத்தலாகாது' என்று மொழிபெயர்த்தேன். பிழையற்ற வாக்கியம்.

"உலோகமா? எங்கமா இருக்குது உலோகம்? எல்லாம் பட்டு" என்றார் அத்தை.

நானும் சுற்றிலும் பார்த்தேன். கத்தரிக்கோலை எடுத்துத் தள்ளி வைத்தேன். சரிகை எங்கள் கண்ணில் படவில்லை. பட்டு நெய்யும் இந்த ஊரில் சரிகை உலோகம் அன்று, சரிகை சரிகைதான். அதையே நான் 'உலோகம்' என்று எழுத்துத் தமிழில் சொல்லாமல் 'வெள்ளி' என்று சொல்லியிருந்தால் அத்தையின் கை உடனே நின்றிருக்கும். சரிகையில் வெள்ளி எவ்வளவு என்று விரலால் தடவியே சொல்லக்கூடியவர் அவர். பொதுப்பெயரைச் சொல்லிச் சிறப்புப்பெயரை விட்டுவிட்டேன். இலக்கணத் தேர்வில் அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியிருந்தேன்.

கும்பாபிஷேகத்தன்று கூட்டம் தெருமுனை வரை நின்றது. அந்த நேரத்தில் வானத்தில் கருடன் வட்டமிடும் என்பது நம்பிக்கை; எல்லாரும் அண்ணாந்திருந்தார்கள். கோவில் விமானத்தை ஒட்டிக் கட்டிய சாரத்தின் உச்சியில் குருக்கள் குடத்தோடு நின்றார். கோவிலிலிருந்து ஆறு வீடு தள்ளி, எங்கள் மொட்டை மாடியில், அத்தை கல்யாணத்துக்குக் கட்டும் புடவையைக் கட்டிக்கொண்டு ரிமோட்டைப் பிடித்திருந்தார். ஒன்பது இருபத்தாறுக்கு நான் வீசினேன்.

சொல்லத்தான் வேண்டும், அது அழகாக இருந்தது. வெயிலில் ஒரு பக்கம் அரக்கும் ஒரு பக்கம் மயில்கழுத்துமாக, இரண்டு எஞ்சின்களும் இரைய, சரிகை தகதகக்க அது எழும்பியபோது கீழே யாரோ "கருடன்! கருடன்!" என்று கத்தினார்கள். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அசல் கருடன் அன்று வரவில்லை. வந்திருந்தாலும் யாரும் கவனித்திருக்கப் போவதில்லை.

கோவிலை நெருங்கித் திரும்பியபோது அகலக் கரை எங்கள் பக்கம் சாய்ந்தது. கம்பிக்கும் ரிமோட்டுக்கும் நடுவே சாண் அகல வெள்ளிச் சுவர்.

"கேக்க மாட்டேன்றது" என்றார் அத்தை. "ஏய், கேக்க மாட்டேன்றதுமா!"

தொடர்பு அறுந்ததும் அவர் அமைத்தபடியே எல்லாம் நடந்தது. எஞ்சின்கள் நிற்கவில்லை. மூடி திறந்தது. அப்போது கீழே இருந்தது, அன்று விடுமுறை விட்டிருந்த கறிக்கடை. டப்பா நிறைய இருந்த ரோஜா இதழும் அதன் தகரக் கூரைமேல் விழுந்தது. வாசலில் நின்ற கடைக்காரர் இரு கைகளையும் தலைக்கு மேல் கூப்பினார். பிறகு, வலது பக்கம் பிடித்திழுக்கக் கை இல்லாததால், கனமான இடது இறக்கையின் பக்கம் சாய்ந்து விமானம் கோவிலைச் சுற்றத் தொடங்கியது. ஒன்று. இரண்டு. மூன்று.

"இடமா சுத்துதுடா!" என்று தலைவர் கீழே அலறினார். "அப்பிரதட்சிணம்! யாராவது நிறுத்துங்கடா!"

கூட்டத்தில் பாதி திகைத்தது. பாதி, விமானத்தோடு தலையைச் சுற்றிச்சுற்றிக் கும்பிட்டது. மூன்றாம் சுற்றில் அது தாழ்ந்து, சாரத்து மூங்கிலில் மோதி, கலசத்துக்கும் அதன் பக்கத்தில் இருந்த சுதைச் சிங்கத்துக்கும் நடுவே மூக்கைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தது. அரக்கு இறக்கை கலசத்தின் கழுத்தைத் தொட்டது. இரைச்சல் நின்றது.

"எடுங்க சாமி, எடுத்துக் கடாசுங்க!" என்றார் தலைவர்.

குருக்கள் இரண்டு கைகளிலும் குடத்தோடு நின்றார். "முகூர்த்தம் போயிண்டிருக்கு" என்றார். "அது பாட்டுக்கு இருக்கட்டும்." நீரை வார்த்தார். இரண்டு விமானங்களும் நனைந்தன.

வார்த்தபின் உச்சியில் யாரும் கால் வைக்கக் கூடாது என்று அவரே சொல்லிவிட்டதால் அது அங்கேயே இருந்தது. தலைவர் எங்கள் வாசலுக்கு வந்து நின்று, மாடியைப் பார்த்துச் சொன்னார்:

"பூ கறிக்கடைல வுழுந்துச்சு. உன் பேரைப் போயி கறிக்கடைல வெட்டிக்கோ."

அத்தை ரிமோட்டை என் கையில் கொடுத்தார். கீழே இறங்கி, பட்டுப்புடவையோடு மெஷினில் உட்கார்ந்து, என் அம்மாவின் ரவிக்கை ஒன்றைத் தைத்தார். சாயங்காலம் மாமா அதைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். அளவுக்குச் சரியாக வெட்டித் தைத்திருந்தது. ஓர் இஞ்சுகூட விடவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கல்லில் எழுத்து வெட்டுபவர் வந்துவிட்டார். வெட்ட வேண்டிய வாசகம் பிழைதிருத்தத்துக்காக இரண்டு நாட்களாக என்னிடம் இருந்தது. பதினொரு பிழைகளைத் திருத்தினேன். 'திருப்பனி' என்று ஐந்து இடங்களில் இருந்தது. கோவிலில் பனி பெய்யவில்லை என்பதால் 'திருப்பணி' ஆக்கினேன். பிறகு, 'விமானத் திருப்பணி' என்ற வரிக்கும் தலைவர் குடும்பத்தினர் பெயருக்கும் கீழே, என் வாழ்நாளில் முதல்முறையாக, மூலத்தில் இல்லாத ஒரு வரியைச் சேர்த்தேன். 'விமானம்: உபயம்' என்று எழுதி, அத்தையின் பெயரை எழுதினேன். மாமாவின் பெயர் இல்லை, குடும்பத்தினர் இல்லை. அந்தப் பெயரை இங்கே திரும்ப எழுதப்போவதில்லை. வேண்டியவர்கள் கல்லில் படித்துக்கொள்ளலாம்.

கடை திறக்கப் போய்க்கொண்டிருந்த தலைவர் நின்று கேட்டார். "எல்லாம் சரி பாத்துட்டியாமா? தப்பு ஒண்ணும் இல்லியே?"

அண்ணாந்து உச்சியைப் பார்த்தேன். சரிகை காய்ந்து மின்னிக்கொண்டிருந்தது.

"ஒரு தப்பும் இல்ல, ஐயா."

கண்ணாடி கொண்டுவராததால் அவர் தாளை அப்படியே எழுத்து வெட்டுபவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். நான் ஒரு நிமிடம் அங்கேயே நின்று, அந்த வரிக்குக் கீழே ஓர் இஞ்சு இடம் விடும்படி கேட்டுக்கொண்டேன்.

"எதுக்கும்மா?"

"இருக்கட்டும் அண்ணா. பின்னாடி பிரிச்சுக்கலாம்."